கார் ஆடியோ போட்டி: 2,000 வாட்ஸ் போட்டால் கோப்பை கிடைக்குமா?

14 ஜனவரி 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

சென்னையில் வசிக்கிறேன். ஏழு வயதான சிறிய ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறேன். கதவுகளில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்பீக்கர்கள்தாம் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஆண்டு உள்ளூரில் நடக்கும் கார் ஆடியோ போட்டி ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் ஆடியோ கடைகளில் விசாரித்தபோது, 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்) இரண்டையும் 2,000 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றையும் டிக்கியில் வைத்துவிட்டால் கோப்பை உறுதி என்றார் ஒரு கடைக்காரர். 60,000 ரூபாய் வரை என்னால் செலவழிக்க முடியும். அவர் சொல்வது சரிதானா?

15 ஜனவரி 2023

எந்தப் போட்டி என்று அவர் உங்களிடம் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். ஒரே மைதானத்தில் ஒரே நாளில் நடந்தாலும் இவை இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள். ஒன்றில், காருக்குள் வைத்த கருவி ஒலியழுத்தத்தை டெசிபலில் அளக்கும். எண் பெரிதாக இருந்தால் வெற்றி, அவ்வளவுதான். மற்றதில், நடுவர் காருக்குள் அமர்ந்து, போட்டிக்கென்றே தொகுத்த இசைத்தட்டைக் கேட்டு, குரல் குரலாக இருக்கிறதா, வாத்தியங்கள் எங்கெங்கே நிற்கின்றன, தேவையற்ற சத்தம் ஏதேனும் வருகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவார். ஐரோப்பாவில் தோன்றி இந்தியாவிலும் கிளை கொண்டுள்ள எம்மா அமைப்பு இந்த இரண்டாவது வகையான ஒலித்தரப் போட்டிக்குப் பெயர்பெற்றது. நான் கலந்துகொண்ட உள்ளூர்ப் போட்டிகள் இத்தகைய அமைப்புகளின் விதிகளைத் தம் வசதிக்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டவை.

இனி அந்த 2,000 வாட்ஸ். அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள்; ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ்கள் இருந்தால், இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் அது பேட்டரியிடமிருந்து வாங்கக்கூடியது 552 வாட்ஸ். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். மீதி 440 வாட்ஸ்தான் ஸ்பீக்கருக்கு. 2,000 என்பது பொய்.

அது உண்மையிலேயே 2,000 வாட்ஸ் ஆம்ப் என்றே வைத்துக்கொள்வோம். 1,000 வாட்ஸோடு ஒப்பிட்டால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அந்தப் பந்தயத்தில் பணத்துக்கு முன்பாக, உங்கள் காருக்கு மின்சாரம் ஆக்கித்தரும் ஆல்டர்னேட்டர் தோற்றுவிடும்.

15 ஜனவரி 2023, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். ஃபியூஸ் தன் அளவைத் தொட்ட கணத்திலேயே எரிந்துவிடுவதில்லை. சற்று மிஞ்சினால் சில நொடிகள் தாங்கும். இசையும் விட்டுவிட்டு எழுவதுதான். ஆகவே 552 என்பது தொடர்ந்து எடுக்கக்கூடிய அளவே தவிர, ஒரு தவில் அடியின் உச்சிக்கு அது எல்லை அன்று. 'பொய்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'கற்பனை' என்று வைத்துக்கொள்வோம்.

22 ஜனவரி 2023

கேள்வி கேட்டவர் ஒலித்தரப் போட்டியையே தேர்ந்தெடுத்திருப்பதாக எழுதியிருக்கிறார். நல்லது. அப்படியானால் என்னுடைய முதல் போட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2018-இல், ஒரு விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் நடந்தது. மூன்று மாதச் சேமிப்பின் பெரும்பகுதியை ஸ்பீக்கர்களில் போட்டிருந்தேன். நடுவர் ஏறி அமர்ந்தார், கதவை மூடினார், இருக்கையைத் தம் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். பாட்டைப் போடுவார் என்று நான் வெளியே காத்திருக்க, அவர் ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு இன்ஜினை முடுக்கினார். பிறகு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வலது புருவம் மட்டும் இன்ஜினோடு சேர்ந்து உயர்ந்ததைப் பார்த்தேன்.

ட்வீட்டரில் (உச்ச சுரங்களுக்கான சிறிய ஸ்பீக்கர்) கொசு பாடுவதைப் போல ஒரு 'ங்ஙீ'. இன்ஜின் வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறும். ஆல்டர்னேட்டரின் இரைச்சல் எர்த் (காரின் இரும்பு உடலோடு சேரும் இணைப்பு) வழியாக ஒலிப்பாதையில் புகுந்துகொள்வதால் வருவது அது. ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உள்ள பிளேயர்) ஓரிடத்திலும் ஆம்ப் இன்னோரிடத்திலும் எர்த் எடுத்து, இரண்டுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்துவிட்டால் போதும். என் காரில் ஆம்பின் எர்த் வயரை டிக்கியில் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். பத்து ரூபாய் உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மீண்டும் முடுக்கியபோது கொசு செத்தது. ஒரு பாட்டுகூட ஒலிக்காத அந்த அரை நிமிடத்தில் நான் இழந்த மதிப்பெண்களை, 14,000 ரூபாய் ஸ்பீக்கர்கள் திருப்பித் தரவில்லை.

3 பிப்ரவரி 2023

எர்த்தைப் பற்றி எழுதிவிட்டு வயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது தவறு. மலிவாகக் கிடைக்கும் 'ஆம்ப் வயரிங் கிட்'களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். 25 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு வயரில் பேட்டரியிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் தூரத்துக்கு 80 ஆம்பியர் ஓடினால் 0.28 வோல்ட் குறையும். அதே பருமனில் பூச்சு வயர் என்றால் 0.4 வோல்ட்டுக்கு மேல். இது மலை போன்ற வேறுபாடு அன்று என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அத்தகைய கிட் ஒன்றில் '4 கேஜ்' (வயரின் பருமனளவு) என்று அச்சிட்டிருந்ததை நான் வெட்டிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ரப்பர் உறையாகத்தான் இருந்தது. நாட்டுக்கோழி என்று சொல்லி இறகை எடை போட்டுக் கொடுத்த கதை.

பேட்டரிக்கு அருகிலேயே மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். 18 அங்குலத்துக்குள் என்பது இத்துறையில் ஊன்றிப்போன கணக்கு. அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பதற்காக அன்று, வயரைக் காப்பதற்காக. பானெட்டிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் இரும்புத் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிட்டால், ஃபியூஸ் இல்லாத கார் தீப்பற்றக்கூடும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

4 பிப்ரவரி 2023

இதையெல்லாம் வாசித்த என் தாயார், "இவ்வளவும் செய்துவிட்டு கடைசியில் எஃப்எம்தானே கேட்கிறாய்" என்றார். பதில் இல்லை.

19 பிப்ரவரி 2023

இன்று கதவுகள். என்னைக் கேட்டால், உங்கள் பணத்தின் முதல் பங்கு இங்கேதான் போக வேண்டும்.

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்கு என்ன இருக்கிறது? உள்ளங்கையால் தட்டினால் டப்பா போல ஒலிக்கும் மெல்லிய தகடும், அதில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகளும், அவற்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளும்தான். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் அந்தத் துளைகளின் வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டியும் மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி எழும் பக்கம்) 'கும்' வரவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் டோர் பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

துளைகளை மூடுங்கள், தகட்டின் மேல் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் டாம்பிங் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்துங்கள். விலை குறைவு என்று தார் ஷீட் வாங்கினால் சித்திரை வெயிலில் அது இளகி வழியும். கண்ணாடி இறங்கும் பாதையில் ஒட்டிக்கொண்டால் டாம்பிங்கைவிட மெக்கானிக்குக்கு அதிகம் கொடுக்க நேரும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. தட்டிப் பாருங்கள், டங்கென்ற ஒலி டொக்கென்று மாறிவிட்டால் அந்த இடத்துக்குப் போதும்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். துளையை மூடு என்று படித்தவன், கதவின் அடிவிளிம்பில் இருந்த மூன்று சிறிய துளைகளையும் சேர்த்து மூடிவிட்டேன். கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காகக் கார் கட்டியவர்கள் விட்ட துளைகள் அவை. ஐப்பசி பிறந்தது. ஒவ்வொரு பிரேக்கிலும் இடது கதவுக்குள் தண்ணீர் 'களக் களக்' என்று அலையடித்தது. ஸ்பீக்கருக்கு அடியில் வைத்திருந்த எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் பிஸ்கட்டைப் போல ஊறி உப்பியது. துளைகளைத் திறந்தபோது ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது என்று நான் சொன்னால், உடன் இருந்த நண்பர் அரை வாளிதான் என்பார். இப்போது அந்த வளையத்தை அக்ரிலிக்கில் வெட்டி வைத்திருக்கிறேன்.

5 மார்ச் 2023

டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியே திருத்தும் டிஜிட்டல் கருவி) அவசியமா என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவசியம். சப்வூஃபர் ஒன்றைக் குறைத்துவிட்டாவது வாங்குங்கள்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். என் காரில் வலது கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து 92 சென்டிமீட்டர். இடது ஸ்பீக்கர் 139. இந்த 47 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 1.37 மில்லி விநாடி ஆகும். முதலில் வந்து சேரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அங்கேதான் ஒலி பிறந்ததாக மூளை முடிவு கட்டிவிடும். ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் தம் ஆய்வில் விளக்கிய விளைவு இது. ஆகவே பாடகர் டேஷ்போர்டின் நடுவில் நிற்காமல், உங்கள் வலது முழங்காலுக்கு அருகில் உட்கார்ந்து பாடுவார். டிஎஸ்பி வலது ஸ்பீக்கரை 1.37 மில்லி விநாடி தாமதிக்கச் செய்தால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும், பாடகரும் எழுந்து நடுவில் நிற்பார். டேப்பால் அளந்து எண்ணைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

(வெயிலில் நின்ற காரில் ஒலி வேகமாகச் செல்லுமே என்று ஒருவர் நுட்பமாகக் கேட்டார். செல்லும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் ஏறக்குறைய 355. மேற்சொன்ன கணக்கில் வேறுபாடு 0.05 மில்லி விநாடி. ஏசியைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.)

12 மார்ச் 2023

"வேலை முடிந்தது" என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். கேள்வி கேட்டவர் என் சொல்லை நம்பி, டேப்பும் கையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்திருக்கிறார். பாடகியின் குரல் நடுவுக்கு வந்தாலும் தாழ்ந்த சுரங்களில் மட்டும் வலப்புறம் சரிகிறதாம். அது அவர் பிழை அன்று. டேப் தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். கண்ணாடியிலும் டேஷ்போர்டிலும் பட்டுத் திரும்பும் ஒலி, கிராஸ் ஓவர் (ஒரு ஸ்பீக்கர் விட்டு மற்றது எடுத்துக்கொள்ளும் சுருதி) நிகழும் இடத்தில் ட்வீட்டரும் கதவு ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று இசையாமல் போவது, இரு பக்கத்து அளவும் ஒவ்வொரு அலைவரிசையிலும் வேறுபடுவது ஆகியவற்றை டேப் அறியாது. இரு பக்கத்தையும் தனித்தனியாக மைக்கால் அளந்து சமன்படுத்துங்கள். அதற்கு இலவச மென்பொருளே இருக்கிறது. அதன் பின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தனிக்குரலைக் கேட்டபடி தாமதத்தை 0.02, 0.04 மில்லி விநாடி என்று நகர்த்துங்கள்.

2 ஏப்ரல் 2023

எந்த இசையைக் கேட்டுச் சரிசெய்வது? நான் மேடையில் பதிவுசெய்த கச்சேரிகளைத்தான் வைத்துக்கொள்வேன். அரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கு, பாடகர் நடுவில், மிருதங்கம் இடப்புறம், வயலின் வலப்புறம். மிருதங்கக்காரர் பாடகரின் வலக்கைப் பக்கம் அமர்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும், தம்பூரா பின்னால். ஒரு காருக்குள் மேடையின் அகலம், ஆழம், நடு எல்லாவற்றையும் சோதிக்க இதைவிட எனக்குப் பழகிய படம் கிடையாது.

அதுவே 2019-இல் என்னைக் கவிழ்த்தது. போட்டிக்கு முந்தைய வாரம் நண்பர் ஒருவர் புதிய பதிவு ஒன்று கொடுத்தார். போட்டேன், மிருதங்கம் வலப்புறம், வயலின் இடப்புறம். சரிதான், ஹெட் யூனிட்டைக் கழற்றி மாட்டியபோது ஒலியை ஆம்புக்குக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர்களை இடம் மாற்றிவிட்டேன் என்று தீர்மானித்து, டேஷ்போர்டைப் பிரித்து இரண்டையும் மாற்றிச் செருகினேன். மிருதங்கம் இடப்புறம் வந்து அமர்ந்தது. நிம்மதியாகப் போட்டிக்குப் போனேன்.

நடுவரின் இசைத்தட்டில் ஒரு குரல் 'இடது' என்று சொன்னது. சொன்னது காரின் வலப்புறத்திலிருந்து. பிறகு 'வலது' என்றது, இடப்புறத்திலிருந்து. நடுவர் கண்ணாடியை இறக்கி, "இதை நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பதிவின் உறையைப் பார்த்தேன். அந்த மிருதங்க வித்வான் இடக்கைக்காரர். இடக்கைக்காரர் வாசிக்கும்போது அவரும் வயலின்காரரும் இடம் மாறி அமர்வது வழக்கம். இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை காலத்திலிருந்து கச்சேரி கேட்பவர்கள் அறிந்த செய்தியை, 600 ரூபாய் கொடுத்து வாங்கிய வயரின் மேல் பழியாகப் போட்டேன்.

3 ஏப்ரல் 2023

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், ஸ்டூடியோவில் கலப்பவர் மிருதங்கத்தை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாமே, உங்கள் 'பழகிய படம்' எதற்கு உதவும் என்று கேட்கிறார். நியாயம். இடது வலதைச் சோதிக்க, பேசும் குரல் உள்ள சோதனைத் தடம் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். கச்சேரிப் பதிவை நான் கைவிட மாட்டேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு டேஷ்போர்டைப் பிரிக்க மாட்டேன்.

23 ஏப்ரல் 2023

சத்தமாக வைத்து மட்டும் சரிசெய்யாதீர்கள். ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இலேயே அளந்து காட்டியபடி, ஒலியளவு குறையும்போது நம் காது தாழ்ந்த சுரங்களை மற்றவற்றைவிட வேகமாக இழந்துவிடும். நடுவர் மெல்லவும் கேட்பார், ஓங்கியும் கேட்பார். உரக்க வைத்தபோது இனித்த என் கார், மெல்ல வைத்தபோது ட்ரான்சிஸ்டர் ஆகிவிட்டது.

உரக்க வைத்துச் சோதிப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. குடியிருப்புப் பகுதியில் சட்டம் அனுமதிப்பது பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். என் அடுக்குமாடியில் மூன்றாம் தளத்து ஐயா சட்டம் படித்தவர் அல்லர். பால்கனியில் வந்து நிற்பார், அவ்வளவுதான். அது போதும்.

14 மே 2023

ஜனவரியில் முதல் வகைப் போட்டியை 'அவ்வளவுதான்' என்று அலட்சியமாக எழுதிவிட்டேன். போன வாரம் ஒலியழுத்தப் போட்டியாளர்கள் சிலரோடு ஒரு நாள் முழுவதும் இருந்த பிறகு அந்தச் சொல் உறுத்துகிறது. அவர்களுடைய வயரிங்கைப் பார்த்தால் நம்மில் பலர் வெட்கப்பட வேண்டும். எர்த்துக்குத் தனி செம்புப் பட்டை, ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை வோல்ட் குறைகிறது என்ற குறிப்பேடு. ஆணி முனை அளவு தளர்வுகூட அவர்களுக்குத் தோல்வி.

150 டெசிபல் என்றால் ஒலியழுத்தம் ஏறக்குறைய 632 பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் முன்கண்ணாடியின் மேல் 64 கிலோ எடையுள்ள ஓர் ஆள் நொடிக்கு நாற்பது ஐம்பது முறை ஏறி இறங்குவதற்குச் சமம். கண்ணாடி வளைவது கண்ணுக்கே தெரிந்தது. அளக்கும் அந்தச் சில நொடிகளில் உள்ளே யாரும் இல்லை. இயக்குபவர் வெளியே நின்றார். காதைப் பொறுத்தவரை 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயாஷ் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். நண்பர்களுக்குக் காட்டுகிறேன் என்று உள்ளே உட்கார்ந்துகொண்டு முழு ஒலியளவில் வைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

11 ஜூன் 2023

கேள்வி கேட்டவர் செலவுக் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதோ என்னுடைய இரண்டாவது அமைப்பு. முன் ஸ்பீக்கர்கள் 14,000, டிஎஸ்பியோடு சேர்ந்த ஆம்ப் 19,000, 10 அங்குல சப்வூஃபர் ஒன்று 9,000, டாம்பிங் 8,000, வயரும் ஃபியூஸும் 6,000, சப்வூஃபர் பெட்டிக்கு ஆசாரி கூலியும் மரமும் 6,000. ஆக 62,000 ரூபாய். உப்புத்தாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த அமைப்பில் என் பிரிவில் மூன்றாவதாக வந்தேன். மொத்தம் ஐந்து கார்கள்.

30 ஜூலை 2023

கேள்வி கேட்டவர் போட்டிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். ஒரே ஒரு சப்வூஃபர், 62,000-க்குச் சற்றுக் குறைவு. இன்ஜின் இரைச்சலுக்கு முழு மதிப்பெண், இடது வலது சரி, குரல் நடுவில். ஆனால் சப்வூஃபர் தாழ்ந்த சுரத்துக்கு இறங்கும் ஓரிடத்தில் காரின் பின்புறத்திலிருந்து 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு கேட்டதாக நடுவர் குறித்திருக்கிறார். டிக்கி முழுவதும் டாம்பிங் ஒட்டியாயிற்றே, எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்.

நம்பர் பிளேட். மேலே இரண்டு ஸ்க்ரூ மட்டும்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு வருகிறேன். கீழே போட இரண்டு ஸ்க்ரூவும் இடையில் வைக்கக் கொஞ்சம் ஃபோமும் எடுத்து வையுங்கள்.